தனியா மதுரைக்கு வர்றீங்களா? ஆரப்பாளையமா, ஜங்ஷனா, மாட்டுத்தாவணியா... ரூம் போடும் முன் பார்க்க வேண்டியது என்ன?

கோவையில் ராத்திரி 9 மணிக்கு பஸ் ஏறினால், மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கும்போது நள்ளிரவு 2 மணி ஆகிவிடும். காலை 10 மணிக்கு இன்டர்வியூ. கூட யாரும் இல்லை. ஆப்பில் புக் செய்த ரூம் 'சிட்டி சென்டர்' என்று சொல்கிறது. மேப்பைத் திறந்தால் அது ஊரின் இன்னொரு மூலையில் இருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டில் "எங்கம்மா போகணும்?" என்ற கேள்வி வரும்போதுதான், எந்த ஏரியாவில் தங்குகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

தேர்வு, இன்டர்வியூ, கோர்ட் வேலை, ஆஸ்பத்திரி, கோயில் என மதுரைக்குத் தனியாக வருபவர்கள் ஏராளம். இவர்களில் பலர் ரூமைத் தேர்வு செய்வது போட்டோவையும் வாடகையையும் வைத்துத்தான். ஆனால் பார்க்க வேண்டியவை வேறு. எந்த நேரத்தில், எந்த இடத்தில் இறங்குகிறோம்? மறுநாள் வேலை எங்கே? தங்கும் கட்டடத்தில் இருந்து அவசரத்துக்கு வெளியே வர வழி இருக்கிறதா?

மூன்றாவது கேள்வி ஏன் முக்கியம் என்பதை மதுரை 2024-ல் பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 12 அதிகாலை, பெரியார் பஸ் ஸ்டாண்ட் அருகே கட்ராபாளையம் பகுதியில் இயங்கிய தனியார் பெண்கள் விடுதியில் பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் புகையில் சிக்கினர். இருவர் உயிரிழந்தனர். அந்தக் கட்டடம் பழுதடைந்தது என்று மாநகராட்சி ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்த விவரம் பிறகுதான் வெளியே வந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஊரின் நடுவில், பெண்களுக்கு மட்டுமான விடுதி. குடும்பத்தினர் 'பாதுகாப்பு' என்று நினைக்கும் எல்லாமே அங்கே இருந்தன.

எந்த ஊரில் இருந்து வந்தால் எங்கே இறங்குவீர்கள்?

மதுரையில் வெளியூர் பஸ்களுக்கு முக்கியமாக இரண்டு நிலையங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், திண்டுக்கல், கொடைக்கானல், தேனி, கம்பம், குமுளி பக்கம் என்றால் ஆரப்பாளையம். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் என்றால் மாட்டுத்தாவணி எம்ஜிஆர் பஸ் நிலையம். ரயில் என்றால் மதுரை ஜங்ஷன். அதன் அருகே இருக்கும் பெரியார் பஸ் நிலையம் டவுன் பஸ்களுக்கானது.

ஆரப்பாளையத்தில் இருந்து ஜங்ஷன் சுமார் 2 கிலோமீட்டர்தான். ஆனால் மாட்டுத்தாவணி ஊரின் வடகிழக்கு மூலையில், ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பகலில் டவுன் பஸ் அடிக்கடி கிடைக்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே 8 முதல் கட்டணமில்லா பயணமும் உண்டு. நள்ளிரவில் அந்த வசதியை நம்ப முடியாது. ஆட்டோதான் வழி.

இன்னொரு விஷயம். இரவில் சில தொலைதூர பஸ்கள் ஊருக்குள் வராமல், ரிங் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். டிக்கெட் எடுக்கும்போதே "அண்ணே, பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஆரப்பாளையம் யாருக்குச் சரியாக இருக்கும்?

நள்ளிரவிலோ அதிகாலையிலோ கொங்கு மண்டலத்தில் இருந்து வந்து இறங்குபவர்களுக்கும், விடியற்காலை தேனி, கொடைக்கானல் பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கும் ஆரப்பாளையம் வசதி. வைகைக் கரையை ஒட்டிய பழைய ஏரியா இது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி டீக்கடை, சாப்பாட்டுக் கடை, லாட்ஜ் எல்லாம் உண்டு. கரிமேடு காவல் நிலையமும் பக்கத்தில்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது மெயின் ரோடா, சந்தா என்பதுதான். பஸ் ஸ்டாண்ட் வாசலில் இருந்து கடைகள் திறந்திருக்கும் ரோட்டிலேயே நடந்து போய்ச் சேரும் லாட்ஜ் என்றால் சரி. "பக்கத்துலதான், உள்ள ரெண்டு சந்து" என்றால், பகலில் வருபவர்களுக்கு அது பிரச்னை இல்லை. ராத்திரி 2 மணிக்கு வருபவர்கள் யோசிக்க வேண்டும். ஆவணி மாதம் நடக்கும் புட்டுத் திருவிழாவின்போது ஆரப்பாளையம் புட்டுத்தோப்பு பகுதியில் கூட்டம் அலைமோதும். அந்த நாளில் வருபவர்கள் முன்கூட்டியே ரூம் போட்டுவிட வேண்டும்.

ஜங்ஷன், பெரியார், கோயில் பக்கம்

லாட்ஜ்கள் நெருக்கமாக இருப்பது இங்கேதான். டவுன் ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, மேல வெளி வீதி ஆகியவை ஸ்டேஷனில் இருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளன. கோயிலுக்கும் நடந்தே போகலாம். காலையில் வைகை எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டியவருக்கு இதைவிட வசதி கிடையாது.

முகவரி படிக்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி உள்ளிருந்து வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக அமைந்துள்ளன. 'மேல' என்றால் மேற்கு, அதாவது ஸ்டேஷன் பக்கம். 'கீழ' என்றால் கிழக்கு. மேல மாசி வீதியும் கீழ மாசி வீதியும் பெயரில் ஒன்றுபோல இருந்தாலும், நடுவே ஒரு கோயிலே இருக்கிறது!

சித்திரைத் திருவிழா நேரத்தில் மாசி வீதிகளில் தேரோட்டம் நடக்கும், போக்குவரத்து மாற்றப்படும். ஆட்டோ ரூம் வாசல் வரை வராது. கோயிலுக்குள் செல்போன் கொண்டு போகத் தடை இருப்பதால், தனியாக வருபவர்கள் லாட்ஜ் பெயர், முகவரி, வீட்டு நம்பர் ஆகியவற்றை ஒரு பேப்பரில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்வது கைகொடுக்கும்.

மாட்டுத்தாவணி பக்கம் எப்போது?

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மேலூர் ரோட்டில் இருக்கிறது. கோர்ட் வேலையாக வருபவர்கள், அந்தப் பக்கம் உள்ள பெரிய மருத்துவமனைகளுக்கு வருபவர்கள், சென்னை, பெங்களூரு ஆம்னி பஸ் பிடிப்பவர்கள் ஆகியோருக்கு மாட்டுத்தாவணியும் கே.கே.நகரும் பொருத்தம். அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வருபவர்கள் கோரிப்பாளையம், சிம்மக்கல் பக்கம் பார்க்கலாம்.

லாட்ஜ், ஹாஸ்டல், மேன்ஷன்: என்ன வித்தியாசம்?

வெளிநாட்டில் ஹாஸ்டல் என்றால், பயணிகள் ஓரிரு நாள் படுக்கை எடுத்துத் தங்கும் இடம். மதுரையில் ஹாஸ்டல் என்றால் பெரும்பாலும் மாத வாடகைக்குத் தங்கும் மாணவிகள், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. மேன்ஷன் என்றால் ஆண்களுக்கு. ஒரு நாள், இரண்டு நாள் தங்க லாட்ஜ் அல்லது ஹோட்டல். சில ஹாஸ்டல்கள் தினசரி வாடகைக்கும் இடம் தரும். ஆனால் இரவில் கேட் பூட்டும் நேரம் உண்டு. 2 மணிக்கு வந்து தட்டினால் திறப்பார்களா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ரயில் டிக்கெட் இருப்பவர்கள் ஜங்ஷனிலேயே ஓய்வறை எடுக்கலாம். பிஎன்ஆர் நம்பரை வைத்து ஐஆர்சிடிசி மூலம் முன்பதிவு செய்யலாம். நள்ளிரவு ரயிலில் வருபவர்களுக்கு, ஸ்டேஷனை விட்டு வெளியே போகாமலே விடியும் வரை தங்க இதுவே எளிய வழி. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு அழகர்கோவில் ரோட்டில் உள்ளது.

ஹாஸ்டலுக்கு லைசென்ஸ் கட்டாயமா?

ஆமாம். தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2014-ல் வந்தது. அதன்படி பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். தங்கியிருக்கும் வார்டன், காவலாளி, சிசிடிவி எல்லாம் சட்டம் சொல்லும் நிபந்தனைகள். மாதக்கணக்கில் சேரப்போகிறவர் உரிமத்தின் நகலைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. சந்தேகம் இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

"கேட் பூட்டுவாங்களா?" மட்டும் போதுமா?

மகளைத் தனியாக அனுப்பும் வீடுகளில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். "பொம்பளப் புள்ள தனியா போகுது, ராத்திரி கேட் பூட்டுற எடமா பாரு." கேள்வி சரிதான். ஆனால் அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "தீப்பிடிச்சா அந்தச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

வெளியாள் உள்ளே வராமல் இருக்கப் போட்ட பூட்டு, உள்ளே இருப்பவரை வெளியே விடாத பூட்டாகவும் மாறலாம். தீவிபத்தில் உயிரை எடுப்பது பல நேரம் நெருப்பு அல்ல, புகை. புகை சூழ்ந்த பிறகு படிக்கட்டைத் தேட நேரம் இருக்காது. அதனால் ரூமுக்குப் போனதும் பையை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பார்க்கலாம்:

* மாடியில் இருந்து இறங்க ஒரே படிக்கட்டுதானா, இரண்டாவது வழி உண்டா?

* படிக்கட்டுக்கு அடியில் பிரிட்ஜ், கேஸ் சிலிண்டர், மெத்தை, மீட்டர் பாக்ஸ் என்று அடைத்து வைத்திருக்கிறார்களா? அங்கே தீப்பிடித்தால் வழியே போய்விடும்.

* ஜன்னல் கம்பி முழுக்க மூடியதா, திறக்கக்கூடியதா?

* தீயணைப்பான் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா? காலாவதி தேதி என்ன?

* ரூம் கதவின் உள் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? பாத்ரூம் ஜன்னல், வென்டிலேட்டர் மூடியிருக்கிறதா?

திருப்தி இல்லை என்றால் ரூமை மாற்றித் தரச் சொல்லலாம். முதல் மாடி அல்லது இரண்டாவது மாடியில், படிக்கட்டுக்குப் பக்கத்து ரூம் கேட்பது நல்லது. ஆண்களுக்கும் இதே பட்டியல்தான்.

போனில் கேட்க வேண்டியவை

ஆப்பில் புக் செய்திருந்தாலும், பணம் கட்டும் முன் லாட்ஜுக்கே ஒரு போன் போட்டுவிட வேண்டும். "ராத்திரி ரெண்டு மணிக்கு வருவேன், ரிசப்ஷன்ல ஆள் இருப்பாங்களா?" "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் உண்டா?" வாசலுக்கு வந்த பிறகு 'சிங்கிள் லேடிக்கு ரூம் இல்ல' என்று சொல்லும் லாட்ஜ்கள் இன்னும் இருக்கின்றன. "24 மணி நேர செக்-அவுட்டா, மதியம் 12 மணியா?" என்பதையும் கேட்கலாம். அதிகாலை 3 மணிக்கு நுழைந்து, மதியம் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டி வந்தால், ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை.

அட்வான்ஸை மேப்பில் கிடைத்த ஏதோ ஒரு நம்பருக்கு அனுப்பாமல் இருப்பது நல்லது. அனுப்பி ஏமாந்தால் உடனே 1930-க்குப் புகார் செய்ய வேண்டும். அடையாள அட்டை காட்டியே ஆக வேண்டும். நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம்.

நள்ளிரவில் வந்து இறங்கினால்?

ரூம் உறுதியாகவில்லை என்றால், தெரியாத ஆளோடு 'ரூம் பார்க்க' கிளம்பாமல், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பஸ் ஸ்டாண்டுக்குள் விடியும் வரை காத்திருப்பதே பாதுகாப்பு. ஆட்டோ ஏறும் முன் வண்டி நம்பரைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181, தீயணைப்புக்கு 101. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆப்பை ஊரில் இருந்து கிளம்பும்போதே போனில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

ரூம் எடுத்த இரவில் வீட்டில் இருந்து போன் வரும். "ரூம் நல்லாருக்கா?" என்று அம்மா கேட்பார். டிவி, ஏசி, பாத்ரூம் பற்றிச் சொல்வதற்கு முன், வெளியே வரும் வழியைப் பார்த்தாச்சு என்று சொல்ல முடிந்தால், அதுதான் நல்ல ரூம்.