உலகப் பாரம்பரியக் குழுவும் செஞ்சிக் கோட்டையும்

உலகப் பாரம்பரியக் குழு என்பது, உலகின் பண்பாட்டு, இயற்கைச் செல்வங்களைப் பாதுகாக்கும் பொருட்டு யுனெஸ்கோவில் இயங்கும் ஓர் அரசிடைக் குழு ஆகும். தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலை 11 அன்று, பாரிசில் கூடிய இக்குழுவின் 47ஆவது அமர்வில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. "இந்தியாவின் மராட்டியப் படைத்துறை நிலத்தோற்றங்கள்" என்னும் 12 கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாகவே அது இடம்பெற்றது. இதன் பின்னர், செஞ்சியைப் பற்றி உலகுக்குச் சொல்லப்படும் செய்தியின் முதன்மையான பகுதி, பல நாட்டு அரசுகளின் பேராளர்கள் ஏற்றுக்கொண்ட ஓர் உரையாக உள்ளது. பொதுமக்களுக்குச் சேரும் தகவல் மீது இக்குழுவுக்கு உள்ள அதிகாரத்தையும் அதன் எல்லைகளையும் இக்கட்டுரை செஞ்சியை முன்வைத்து விளக்குகிறது.

குழுவின் அமைப்பு

உலகப் பாரம்பரிய ஒப்பந்தம் 1972 நவம்பர் 16 அன்று யுனெஸ்கோ பொது மாநாட்டில் நிறைவேற்றப்பட்டு, 1975 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1977இல் இதனை ஏற்றது. இன்று 190க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்பந்தத்தில் இணைந்துள்ளன. இந்நாடுகளின் பொது அவை, தம்முள் 21 நாடுகளைக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கிறது. பதவிக்காலம் ஆறு ஆண்டுகள் என ஒப்பந்தம் கூறினும், பிற நாடுகளுக்கும் வாய்ப்புக் கிடைக்கும் வகையில் உறுப்பினர்கள் தாமாகவே நான்கு ஆண்டுகளில் விலகிக்கொள்வது வழக்கமாகியுள்ளது. இந்தியா 2021 முதல் 2025 வரை உறுப்பினராக இருந்தது. 2024இல் 46ஆவது அமர்வு புது தில்லியில் நடைபெற்றது.

குழுவின் முடிவுகளுக்கு, அவையில் இருந்து வாக்களிக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு தேவை. பண்பாட்டுக் களங்களை ஐகோமோஸ் எனப்படும் நினைவுச்சின்னங்கள், களங்களுக்கான பன்னாட்டு மன்றம் ஆராய்ந்து பரிந்துரை அளிக்கிறது. அப்பரிந்துரை குழுவைக் கட்டுப்படுத்தாது. வல்லுநர் ஒன்று கூற, அரசுகளின் பேராளர்கள் வேறொன்றை முடிவு செய்வது அரிதன்று. அறிவியல் மதிப்பீடும் அரசியல் உடன்பாடும் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் இது என்பதை மனத்திற்கொண்டால் இக்குழுவின் பல முடிவுகள் எளிதில் விளங்கும்.

இக்குழுவை ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தகவல் குழுவுடன் குழப்பிக்கொள்ளலாகாது. ஐ.நா.வின் பொதுத் தகவல் கொள்கைகளை மீளாய்வு செய்வதற்கென 1978இல் 41 உறுப்பினர்களுடன் அமைக்கப்பட்டு, 1979இல் தகவல் குழு எனப் பெயர் பெற்றது அது. ஐ.நா. தன்னைப் பற்றித் தானே வெளியிடும் செய்திகளை அது மேற்பார்வையிடுகிறது. உலகப் பாரம்பரியக் குழுவின் நிலை வேறு. தன் ஆட்சிக்கு உட்படாத ஓர் இடத்தைப் பற்றிய தகவலை, அவ்விடத்திற்கு உரிய அரசின் வழியாகவே அது நெறிப்படுத்த இயலும்.

ஒப்பந்தத்தில் தகவல்

ஒப்பந்தத்தின் 27ஆவது உறுப்பு இரு கடமைகளை விதிக்கிறது. முதலாவது, கல்வி, தகவல் திட்டங்களின் மூலம் மக்களிடையே பாரம்பரியத்தின் மீது மதிப்பை வளர்க்க முயலுதல். இரண்டாவது, அப்பாரம்பரியத்தை எதிர்நோக்கும் ஆபத்துகளையும், ஒப்பந்தத்தின்படி மேற்கொள்ளப்படும் பணிகளையும் பொதுமக்களுக்குப் பரவலாக அறிவித்தல். சுற்றுலாக் கையேடு அச்சிடுவது முதல் கடமையை ஓரளவு நிறைவேற்றும். ஆபத்துகளை அறிவிக்கும் இரண்டாம் கடமையே கடினமானது. எந்த அரசும் விரும்பிச் செய்வதன்று.

இவ்விரு கடமைகளும் அரசுகளைச் சார்ந்தவை, குழுவைச் சார்ந்தவையல்ல. களங்கள் அமைந்துள்ள நாடுகளின் இறையாண்மை முழுமையாக மதிக்கப்படும் என 6ஆவது உறுப்பு கூறுவதால், செஞ்சியில் ஓர் அறிவிப்புப் பலகையை நடவோ அகற்றவோ குழுவுக்கு அதிகாரம் இல்லை. 2002இல் புடாபெஸ்ட் சாற்றுரையின் மூலம் தகவல் தொடர்பைத் தன் நான்கு முதன்மை இலக்குகளுள் ஒன்றாகக் குழு அறிவித்தது. 2007இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் கூடியபோது உள்ளூர்ச் சமூகங்களின் பங்கும் ஐந்தாவது இலக்காகச் சேர்க்கப்பட்டது.

மதிப்புக் கூற்று

ஒரு களம் பட்டியலில் சேரும்போது, அதன் சிறப்புமிகு உலகளாவிய மதிப்பு எது என்பதைக் கூறும் ஓர் உரையைக் குழு ஏற்றுக்கொள்கிறது. தகவல் மீது குழுவுக்கு உள்ள மெய்யான பிடி இதுவே. களத்தின் எதிர்காலப் பாதுகாப்புக்கும் மேலாண்மைக்கும் இவ்வுரை அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. எது இதில் சொல்லப்பட்டுள்ளதோ அதற்கு ஊறு நேர்ந்தால் குழு கேள்வி கேட்கும். சொல்லப்படாததற்குக் கேட்பது கடினம். யுனெஸ்கோ தளத்திலிருந்து பயண நூல்கள் வரை பலவும் இவ்வுரையையே எடுத்தாள்கின்றன.

மராட்டியக் கோட்டைகளின் தொகுதி (4), (6) ஆகிய அளவுகோல்களின்படி ஏற்கப்பட்டது. நான்காவது, மனித வரலாற்றின் ஒரு கட்டத்தை எடுத்துக்காட்டும் கட்டட வகை அல்லது நிலத்தோற்றம் பற்றியது. ஆறாவது, நிகழ்வுகளுடனும் வாழும் மரபுகளுடனும் உள்ள நேரடித் தொடர்பு பற்றியது. தொகுதியின் 12 கோட்டைகளுள் சால்ஹேர், சிவ்நேரி, ராய்காட், சிந்துதுர்க் உள்ளிட்ட 11 கோட்டைகள் மகாராட்டிரத்தில் உள்ளன. அம்மாநிலத்திற்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி ஆகும்.

செஞ்சியின் வரலாறும் பட்டியலின் பெயரும்

சத்ரபதி சிவாஜி 1677இல் பீஜப்பூர் சுல்தானகத்திடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய மகன் இராஜாராம் 1689இல் இங்கு வந்து சேர்ந்தபின், தக்காணத்தில் முகலாயரிடம் பெரும்பகுதியை இழந்திருந்த மராட்டிய அரசுக்குச் செஞ்சியே தலைமையிடமாக விளங்கியது. சுல்பிகார் கான் தலைமையில் முகலாயப் படை 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிவுற்றது. கோட்டை வீழ்வதற்கு முன்பே இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார். ஓர் அரசு அழியாமல் எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடிக்க இம்மலைகள் உதவின என்பதால், மராட்டியத் தொகுதியில் செஞ்சி இடம்பெறுவதற்குத் தக்க காரணம் உண்டு.

ஆயினும் மராட்டியர் ஆட்சி ஏறத்தாழ 21 ஆண்டுகளே நீடித்தது. மரபுவழிச் செய்திகளின்படி கோட்டையைத் தொடங்கியோர் 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளின் கோனார் தலைவர்கள். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரதுர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் இணைக்கும் பெருங்கோட்டையாக இது விரிவடைந்ததில் விஜயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று பார்வையாளர்கள் வியந்து நோக்கும் கல்யாண மகாலும், களஞ்சியங்களும், வெங்கடரமணர் கோயிலும் பொதுவாக நாயக்கர் காலத்துடன் தொடர்புபடுத்தப்படுவன. சாதத்துல்லா கான் பள்ளிவாசல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைப்பற்றினர். புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவை எனக் கூறப்படுகிறது.

தமிழ் மக்களின் நினைவில் செஞ்சி என்றவுடன் தோன்றுபவர் இவர்களுள் எவருமல்லர். 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையுடன் போரிட்டு இளம் வயதில் மாண்ட தேசிங்கு ராஜனே. வடநாட்டுப் பந்தேலா மரபினரான தேஜ் சிங், நாட்டார் கதைப்பாடலின் வழியே தமிழ்நாட்டு வீரராகிவிட்டார். பட்டியலின் பெயரில் இவருக்கு இடமில்லை. இதனை வரலாற்றுத் திரிபு எனக் கூறுவது பொருந்தாது. ஒரு தொகுதியாக முன்மொழியும்போது அனைத்துக் கோட்டைகளுக்கும் பொதுவான ஒரு இழையையே எடுத்துக்கொள்ள முடியும். செஞ்சியில் அந்த இழை மெல்லியது, ஆனால் உறுதியானது. சிக்கல் எழுவது, அந்த ஓர் இழையையே முழுத் துணியாகப் பெயர்ப்பலகைகளும் வழிகாட்டிகளும் காட்டத் தொடங்கினால்தான். 2008இல் ஐகோமோஸ் ஏற்றுக்கொண்ட விளக்கவுரைச் சாசனம், ஓரிடத்தின் சிறப்புக்குப் பங்களித்த எல்லாக் குழுவினரையும் விளக்கவுரை கருத்திற்கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே கோனாரையும் நாயக்கரையும் தேசிங்கையும் எழுதுவதற்குத் தடை ஏதும் இல்லை. எழுத வேண்டிய பொறுப்பு கோட்டையைப் பராமரிக்கும் இந்தியத் தொல்லியல் துறையினுடையது.

சின்னம்

வட்டமும் அதனுள் சதுரமும் இணைந்த உலகப் பாரம்பரியச் சின்னத்தை பெல்ஜியக் கலைஞர் மிஷெல் ஒலிஃப் வடிவமைத்தார்; குழு 1978இல் அதனை ஏற்றது. சதுரம் மனிதப் படைப்பையும் வட்டம் இயற்கையையும் குறிக்கும். களத்தின் தோற்றத்தைக் கெடுக்காமலும், பார்வையாளர் கண்ணில் படும்படியும் இச்சின்னம் பொறித்த பலகை வைக்கப்பட வேண்டும் எனக் குழுவின் வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி தேவை. திருவண்ணாமலைச் சாலையில் உள்ள ஓர் உணவகம் தன் பெயர்ப்பலகையில் இதனை வரைந்துகொள்ள இயலாது. அவ்வாறு நிகழாமல் காப்பது இந்திய அரசின் பொறுப்பாகும்.

கண்காணிப்பும் அறிக்கைகளும்

களத்தின் மதிப்பைப் பாதிக்கக்கூடிய பெரும் கட்டுமானத் திட்டங்களை, மாற்ற முடியாத முடிவுகள் எடுப்பதற்கு முன்பே குழுவுக்குத் தெரிவிக்குமாறு அரசுகள் கேட்டுக்கொள்ளப்படுகின்றன. செஞ்சிக்கு இது ஏட்டளவிலான விதியன்று. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலை கோட்டைப் பகுதியின் ஊடே செல்கிறது. 2010இல் திருத்தப்பட்ட தொல்சின்னங்கள் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி தேவை. வீட்டில் ஓர் அறை கூட்ட விரும்பும் குடும்பத்திற்கு இவ்வெல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பதே எல்லாவற்றிலும் முதன்மையான பொதுத் தகவல்.

முன்னறிவிப்பு இல்லாதபோது நேர்வதற்கு ஹம்பி சான்றாகும். 1986இல் பட்டியலில் சேர்ந்த ஹம்பி, ஆனேகுந்திப் பகுதியில் கட்டப்பட்டுவந்த பாலங்களின் காரணமாக 1999இல் ஆபத்துக்குள்ளான களங்களின் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, 2006இல்தான் மீண்டது. முற்றிலும் நீக்கப்பட்ட களங்களும் உள்ளன: ஓமானின் அரேபிய ஓரிக்ஸ் காப்பகம் (2007), ஜெர்மனியின் திரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு (2009), இங்கிலாந்தின் லிவர்ப்பூல் (2021).

அரசுகள் அனுப்பும் பாதுகாப்பு நிலை அறிக்கைகள் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. ஆனால் முழு அறிக்கையையும் வெளியிட வேண்டாம் என அரசு கேட்டுக்கொண்டால், ஒரு பக்கச் சுருக்கம் மட்டுமே வெளிவரும். பொதுத் தகவலைப் பற்றிய இம்மேற்பார்வை, யாரைக் கண்காணிக்கிறதோ அவர்களின் இசைவிலேயே தங்கியிருப்பது இதன் பெருங்குறை.

ஊர்மக்களின் வழிகள்

அரசு அல்லாத தனியொருவரும் களத்திற்கு நேரும் கேட்டினைக் குறித்து, பாரிசில் குழுவின் செயலகமாகவுள்ள உலகப் பாரம்பரிய மையத்திற்கு எழுதலாம். செயலகம் அக்கடிதத்தின் உண்மையை உரிய அரசிடமே கேட்டு உறுதி செய்யும். குழுவின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சுமே. ஒப்பந்தத்தின் அதிகாரபூர்வ மொழிகள் ஐந்தில் இந்திய மொழி எதுவும் இல்லை. மதிப்புக் கூற்றைத் தமிழில் தரும் கடமை எவர்மீதும் வெளிப்படையாக விதிக்கப்படவில்லை. யுனெஸ்கோவின் கூரியர் இதழ் 1967 முதல் பல பத்தாண்டுகள் தமிழில் வெளிவந்ததை நினைக்கும்போது, இது தமிழில் இயலாத செயலன்று என்பது தெளிவு.

உள்நாட்டில் உள்ள வழி எளிது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி இந்தியத் தொல்லியல் துறையிடம் மேலாண்மைத் திட்டம், எல்லை வரைபடம் ஆகியவற்றின் படிகளைக் கேட்கலாம். அப்பகுதியின் ஆட்சிமொழியிலும் விண்ணப்பிக்கலாம் எனச் சட்டத்தின் 6ஆவது பிரிவு கூறுவதால், விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். விடையளிக்க 30 நாள் கெடு உண்டு.