மதர்போர்டை மாற்றுமுன் ஒரு நம்பரைப் பாருங்கள்

ஜித்ராவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளே வீட்டுக் கணினியில் இணையம் நின்றுவிட்டதாம். கைப்பேசியில் மட்டும் வைஃபை நன்றாக ஓடுகிறதாம். கடையில் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். அவசரப்படாதீர்கள் ஐயா. இப்படித் திடீரென்று நிற்கும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது நெட்வொர்க் கார்டின் டிரைவரை.

தோட்டத்தில் துரை சொன்னதை எங்கள் அப்பா காலத்து ஆட்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவர் கிராணி. அவர் வராத நாளில் துரையும் இருப்பார், ஆட்களும் இருப்பார்கள். வேலை மட்டும் நடக்காது. விண்டோஸுக்கும் கார்டுக்கும் நடுவில் டிரைவர் பார்ப்பது அந்தக் கிராணி வேலை.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா? இருமுறை கிளிக் செய்தால் கோட் நம்பர் தெரியும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் கார்டு தொடங்க மறுக்கிறது. அப்டேட்டுக்குப் பின் வந்த கோளாறு என்பதால், முதலில் ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். முக்கோணம் இல்லாமல் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் பக்கம் தேடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘டீடெயில்ஸ்’ பக்கத்தில் வரும் ஹார்ட்வேர் ஐடி. டிரைவர் இல்லாவிட்டாலும் கார்டு தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். அதில் ‘VEN_’ என்பதற்குப் பின் வரும் நான்கு எழுத்து நிறுவனம், ‘DEV_’ என்பதற்குப் பின் வரும் நான்கு மாடல். 10ஈசி என்றால் தைவானின் ரியல்டெக். கூடவே 8168 இருந்தால் அதன் கிகாபிட் கார்டு. 8086 என்றால் இன்டெல். 1978இல் தான் வெளியிட்ட 8086 சில்லின் எண்ணையே அந்த நிறுவனம் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. 1972 முதல் பினாங்கிலும், பிறகு நம் கெடாவின் கூலிமிலும் தொழிற்சாலை நடத்தும் அதே இன்டெல்தான்.

அந்த நம்பரை வைத்துத் தேடினால் சரியான டிரைவர் கிடைக்கும். இறக்குவதற்கு இணையம் வேண்டுமே என்றால், கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள். கணினியையோ கார்டையோ தயாரித்தவர்களின் தளத்தில் மட்டும் எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் இலவசமாகப் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம்.

மலேசியாவில் மின்னணுக் கழிவை அபாயக் கழிவுப் பட்டியலில் சேர்த்தது 2005ஆம் ஆண்டு விதிமுறை. அப்படியிருக்க, ஒரு சின்ன மென்பொருள் கோளாறுக்காக நல்ல மதர்போர்டைக் குப்பையில் போடுவது பணத்துக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு. அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஹார்ட்வேர் ஐடியை எழுதி எடுத்துப்போங்கள். எந்த டிரைவரைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத இடத்தில் மதர்போர்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.