தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் ஜுரம் பார்க்க முடியுமா?

ராத்திரி ரெண்டு மணி. குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தால் ‘வீல்’ என்று அலறி உதறித் தள்ளுகிறது. கடைசியில் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, ‘கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் இருக்கு’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். இந்த அவஸ்தைப் படாத அம்மா உண்டா?

ஸ்டிக்கர் பொட்டு மாதிரி தோலில் ஒட்டிவிட்டால், விடிய விடிய சூட்டைக் கவனிக்கிற ஒரு மெல்லிய படலம் இருந்தால் எப்படி இருக்கும்? ஜப்பானில், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாவோ சோமேயா குழுவினர் 2015-ல் அப்படி ஒன்றைச் செய்து காட்டினார்கள்.

விஷயம் ரொம்ப எளிமையானது. அக்ரிலேட் என்ற பாலிமர், பிளாஸ்டிக் வகையறா. அதற்குள் மின்சாரம் பாயாது. அதில் கிராஃபைட் தூளைக் கலந்தார்கள். கிராஃபைட் வேறொன்றுமில்லை, பென்சிலுக்குள் இருக்கிற கறுப்புச் சமாசாரம்தான்! தூளின் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்வரை அவற்றின் வழியே மின்சாரம் ஓடும்.

இப்போது மார்கழிக் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. சற்று வெயிலில் வைத்தால் இளகிவிடும். இந்த பாலிமரும் அதே ஜாதிதான். குறிப்பிட்ட சூட்டில் இளகி, விரிந்துகொடுக்கும். துகள்கள் விலகும். மின்சாரத்தின் பாதை அறுந்துபோகும். எந்தச் சூட்டில் இளக வேண்டும் என்பதைக் கலவையின் விகிதத்தை மாற்றியே தீர்மானிக்கலாம்; 25 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள், அதாவது நம் உடம்புச் சூடு அடங்குகிற எல்லைக்குள்.

சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் சென்சாரில் ஒரு டிகிரிக்கு மின்தடை சில சதவீதம்தான் மாறும். இந்தப் படலத்திலோ 5 டிகிரிக்குள் ஒரு லட்சம் மடங்கு! எலியின் நுரையீரல் மேல் வைத்தபோது, அது மூச்சு இழுத்து விடும்போது உண்டாகிற 0.1 டிகிரி வித்தியாசத்தைக்கூடப் பிடித்துவிட்டது. வளைத்தாலும் சுருட்டினாலும் வேலை செய்யும் என்பதுதான் குழந்தைகள் விஷயத்தில் முக்கியம். உருளாத குழந்தை எங்கே இருக்கிறது?

ஆனால் ஒன்று. தோலில் ஒட்டுவது எதுவானாலும் அது காட்டுவது தோலின் சூட்டைத்தான். கனத்த போர்வைக்குள் ஏறும், ஃபேன் காற்றில் இறங்கும். உள்ளுக்குள் இருக்கும் ஜுரம் அப்படியே இருக்கலாம். அதனால் எண்ணை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தெர்மாமீட்டர் எதைக் காட்டினாலும் டாக்டரிடம் போங்கள். மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே காத்திருக்கக் கூடாது.

இன்று ராத்திரிக்கு உங்கள் வீட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். அக்குளில் வியர்வையைத் துடைத்துவிட்டு, நுனி தோலோடு ஒட்டுகிற மாதிரி வையுங்கள். ‘பீப்’ சத்தம் வரும்வரை குழந்தையின் கையை மெல்ல அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டியதுமோ, ஈரத்துணியால் துடைத்ததுமோ பார்க்க வேண்டாம். கால் மணி நேரம் போகட்டும்.