நாற்றங்காலுக்கு நல்ல தண்ணீர்: கூரை நீரைச் சேமிக்கும் முறை

தை மாதத்தில் மிளகாய் நாற்று விடும் கடலோர விவசாயிகள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. விதை நல்ல விதை. விதை நேர்த்தியும் செய்தாயிற்று. பாத்தியும் உயரமாகப் போட்டாயிற்று. ஆயினும் பாதி விதை முளைப்பதில்லை. முளைத்ததும் இலை ஓரம் கருகி, வளராமல் அப்படியே நிற்கிறது. பழி விதை விற்றவர் மேல் விழுகிறது. மறுபடி விதை வாங்கி விதைப்பதற்குள் பட்டம் தவறிவிடுகிறது. இவ்வாறான இடங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது விதையை அல்ல, கிணற்று நீரை.

நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை மின்கடத்தும் திறன் என்ற கணக்கில் கூறுவார்கள். ஆய்வுக்கூட அறிக்கையில் டெசிசீமன் என்றும், பழைய அறிக்கைகளில் மில்லிமோ என்றும் இருக்கும், எண் ஒன்றுதான். பாசன நீரில் இந்த எண் 1-ஐத் தாண்டினால் மிளகாயின் மகசூல் குறையத் தொடங்கும். வெங்காயத்துக்கு 0.8, பீன்சுக்கு 0.7 என்ற அளவிலேயே பாதிப்பு ஆரம்பமாகிவிடும். தக்காளி 1.7 வரை தாங்கும். வளர்ந்த செடி ஓரளவு சமாளித்துக் கொள்ளும். முளைக்கும் விதைக்கும் இளம் நாற்றுக்கும் அந்தச் சக்தி இல்லை. உப்பு நீரைப் பூவாளியால் இலை மேல் தெளிக்கும்போது இலையும் கருகுகிறது.

கிணற்று நீரைச் சோதிப்பது சுலபம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே நீரில் இரண்டு மூன்று முறை அலசி, அரை லிட்டர் பிடித்து, மறுநாளைக்குள் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். மழைக்குப் பின் எடுத்த நீரை விட கோடையில் எடுத்த நீரே உண்மையைச் சொல்லும்.

நீரைச் 'சுத்தம்' செய்வது பற்றிப் பல கருத்துகள் நிலவுகின்றன. படிகாரம் போட்டாலும், தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்து வைத்தாலும் கலங்கல் தெளியும், உப்பு போகாது. காய்ச்சினால் ஆவியாவது நீர் மட்டுமே, ஆகவே உப்பு கூடத்தான் செய்யும். கடின நீரை மென்மையாக்கும் கருவி சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்க்கிறது. அந்த நீர் துணி துவைக்க நல்லது, செடிக்குக் கெடுதல்.

இப்போது கிராமத்து வீடுகளிலும் ஆர்.ஓ. எந்திரம் வந்துவிட்டது. அது உப்பைப் பெருமளவு நீக்குவது உண்மையே. ஆனால் வீட்டு எந்திரத்தில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு நீர் வெளியேறுகிறது. கிணற்று நீர் 3 என்ற அளவில் இருந்து, நான்கு லிட்டரில் ஒரு லிட்டர் நல்ல நீராகப் பிரிந்தால், மீதி மூன்று லிட்டரின் உப்பு 4 ஆகிவிடும். இந்தக் கழிவு நீரைத்தான் பலர் "வீணாகப் போகிறதே" என்று கத்தரிச் செடிக்கும் ரோஜாத் தொட்டிக்கும் திருப்பி விடுகிறார்கள். அதைத் தரை கழுவப் பயன்படுத்தலாம். மணற்பாங்கான நிலத்தில் நிற்கும் தென்னைக்கு விடலாம். குடிப்பதற்கென்று எடுத்த நீரையோ, விலை கொடுத்து வாங்கிய குடத்து நீரையோ நாற்றுக்கு ஊற்றுவது கட்டுப்படியாகாது.

உப்பில்லாத நீர் செலவில்லாமல் வருவது கூரையில்தான். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 500 சதுர அடிக் கூரை சுமார் 46 சதுர மீட்டர். அதில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் போனாலும் 900 லிட்டருக்குக் குறையாது. ஐப்பசி, கார்த்திகையில் இத்தகைய மழை ஐந்து கிடைத்தால் 4,500 லிட்டர் சேர்ந்துவிடும்.

இது போதுமா? ஒரு ஏக்கர் மிளகாய் நடவுக்கு ஒரு சென்ட் நாற்றங்கால், அதாவது 40 சதுர மீட்டர் வேண்டும். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் 160 லிட்டர். 40 நாளைக்கு 6,400 லிட்டர். இது முழுவதும் மழைநீராக இருக்க வேண்டியதில்லை. கிணற்று நீரின் அளவு 2 என்றால் ஒரு குடத்துக்கு ஒரு குடம் மழைநீர் கலந்தால் 1-க்கு வந்துவிடும். 3,200 லிட்டர் சேமித்தால் போதும். கிணற்று நீர் 3 என்றால் ஒரு குடத்துக்கு இரண்டு குடம் கலக்க வேண்டும்; அப்போது 4,300 லிட்டர் தேவை. கலந்து விடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. உப்பே இல்லாத நீரைத் தொடர்ந்து விட்டால் களிமண் பாத்தியின் மேல்மண் இறுகி, நீர் உள்ளே இறங்காமல் போகும். தொட்டிச் செடியாக இருந்தால் சத்தும் கரைந்து ஓடிவிடும். கொஞ்சம் கிணற்று நீர் சேர்வது இதைத் தடுக்கும்.

கலவை சரிதானா என்று அறிய, இரண்டு மண்சட்டிகளில் நூறு நூறு விதை போட்டு, ஒன்றுக்குக் கலவை நீரும் மற்றதற்குத் தனி மழைநீரும் தெளித்து வந்து முளைகளை எண்ணிப் பார்க்கலாம். விதைக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

ஆறடி விட்டமும் ஐந்தடி உயரமும் உள்ள தொட்டி 4,000 லிட்டர் கொள்ளும். நிரம்பினால் நான்கு டன் எடை. ஆகவே மண்ணைக் கெட்டித்து, கல் பரப்பி, காரை போட்ட தளத்தின் மேல்தான் அமைக்க வேண்டும். புதிய சிமெண்ட் தொட்டியில் நீரை நிரப்பிச் சில நாள் வைத்து, இரண்டு முறை வெளியேற்றிய பிறகே சேமிக்கத் தொடங்கலாம். இல்லாவிட்டால் சிமெண்டின் காரம் நீரில் இறங்கும். 2003-ல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பல வீடுகளில் கூரைக் குழாயைக் குழிக்குள் இறக்கினார்கள். அந்தக் குழாயில் தொட்டியை முதலில் இணைத்து, நிரம்பி வழிவதைக் குழிக்கு விடுவதே உவர்நிலத்து விவசாயிக்கு ஏற்றது. குழிக்குள் போன நீர் அடியில் உள்ள உப்பு நீரோடு கலந்துவிடுகிறது. தொட்டியில் உள்ளதோ அப்படியே கைக்கு வருகிறது.

ஓடு, காரை, தகரம் ஆகிய கூரைகள் ஏற்றவை. கீற்றுக் கூரை நீர் நிறம் இறங்கி வரும், சேமிக்க உதவாது. பருவத்தின் முதல் மழையையும், ஒவ்வொரு மழையிலும் முதல் சில நிமிட நீரையும் வெளியே விட்டுவிட வேண்டும். பிறகு சரளை, மணல், கரி அடுக்கிய பீப்பாய் வழியாக வடித்து விடலாம். இந்த நீர் செடிக்குத்தான், குடிப்பதற்கு அல்ல.

தொட்டிக்குள் வெயில் புகுந்தால் பாசி பிடிக்கும். கொசுவின் தொல்லை இதைவிடப் பெரிது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, இதுபோன்ற தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. இறுக்கமான மூடி போட்டு, நீர் புகும் வாயிலும் வழியும் குழாயிலும் நெருக்கமான கொசுவலையைக் கட்டி, வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் மூடிக்குப் பூட்டும் அவசியம்.

சேமித்த நீரை அதிகாலையில் தெளிப்பது நல்லது. விதை முளைக்கும் வரை வைக்கோல் மூடாக்குப் போட்டால் நீர் மிச்சப்படும். பாத்தியின் மேல் உப்புப் பூப்பதும் குறையும். பூச்சிமருந்து கலப்பதற்கும் கடின நீரைவிட மழைநீர் சிறந்தது என்பதால், பத்து இருபது லிட்டரைத் தனியே எடுத்து வைக்கலாம். நாற்றைப் பிடுங்கி நட்ட பின் தொட்டியில் மிஞ்சுவதை மல்லிகைப் பதியன்களுக்கு ஊற்றிவிட்டு, வண்டலை வழித்துக் காயவிட்டு, அடுத்த புரட்டாசிக்குள் கூரையையும் வடிகால் தகடுகளையும் கழுவி வைக்க வேண்டும்.