சீட்டைப் படிப்பவர் யார்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

ஜாவா மொழியில் இணையச் செயலிகள் எழுதுவோரிடையே ஸ்பிரிங் பூட் என்னும் ஃபிரேம்வொர்க் பெரிதும் வழக்கில் உள்ளது. அதன் முதல் பதிப்பு 2014-இல் வெளிவந்தது. அதைக் கற்கப் புகும் மாணவரை மிரட்டுவன, ஆங்காங்கே @ குறியோடு நிற்கும் சொற்களே. அனொட்டேஷன் என்பது அவற்றின் பெயர். ஜாவாவின் ஐந்தாம் பதிப்பில், 2004-இல், இவ்வசதி வந்து சேர்ந்தது.

அனொட்டேஷன் தானாக எதையும் செய்வதில்லை. ரயில் பார்சலின் மேல் ஒட்டிய சீட்டு பார்சலைத் தூக்கிச் செல்லுமா? சீட்டைப் படிக்கும் ஊழியரன்றோ உரிய வண்டியில் ஏற்றுகிறார்! இங்கே அந்த ஊழியர் ஸ்பிரிங். புரோகிராம் ஓடத் தொடங்கியதும் அது சீட்டுள்ள கிளாஸ்களைத் தேடி, அவற்றின் ஆப்ஜெக்ட்களைத் தானே உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று தேவையெனில் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுவே. முன்னர் இவ்வுறவுகளை எக்ஸ்எம்எல் கோப்பில் வரிவரியாக எழுதி வந்தனர், எழுதியவர்கள் பொறுமைசாலிகள்தாம்!

தொடக்கம் எளிது. மெயின் உள்ள கிளாஸின் தலையில் @ஸ்பிரிங்பூட்அப்ளிகேஷன். இன்னொரு கிளாஸின் மேல் @ரெஸ்ட்கன்ட்ரோலர். அதிலுள்ள மெத்தடின் மேல் @கெட்மேப்பிங், அடைப்புக்குள் முகவரி. வெப் தொகுப்பைச் சேர்த்திருந்தால், ஓட்டியவுடன் டாம்கேட் சர்வர் எழுந்து 8080-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். பிரவுசரில் அம்முகவரியைக் கேட்டால் மெத்தட் தரும் விடை திரையில் தோன்றும்.

அந்த ஊழியர் எங்கெல்லாம் தேடுவார்? மெயின் கிளாஸ் இருக்கும் பேக்கேஜிலும், அதன் கீழுள்ளவற்றிலும் மட்டுமே. கன்ட்ரோலரை வேறொரு பேக்கேஜில் வைத்துவிட்டால், சீட்டு சரியாக இருந்தும் 404 என்றே பதில் வரும். கம்பைலர் குறை சொல்லாது. சர்வரும் நன்றாகவே எழும். பொல்லாத இடம் இதுதான். அதுபோலவே, நாமே 'நியூ' போட்டு ஓர் ஆப்ஜெக்ட்டை உண்டாக்கினால், ஸ்பிரிங் அதைக் கண்டுகொள்ளாது. அதிலுள்ள @ஆட்டோவயர்ட் ஃபீல்டு வெறும் நல்லாகவே நிற்கும்.

வீட்டில் கேட்க அண்ணன் அக்கா உள்ளவர்கள் கேட்டுத் தெளிவர். என்னைப்போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்க்கு ஆய்வக நேரமே கதி. அந்நேரத்தைச் சீட்டுகளை மாற்றி மாற்றி ஒட்டிப் பார்ப்பதில் கரைக்கலாகாது. ஓட்டும்போது --டீபக் என்று சேர்த்தால், ஸ்பிரிங் பூட் தானாகச் செய்த ஏற்பாடுகளில் எதை ஏற்றது, எதைத் தள்ளியது, ஏன் என்று ஒரு நீண்ட பட்டியலையே திரையில் தருகிறது.