சிவப்புக் கார்டு தொலைந்தால்...

பாகான் டாலாமில் ஒரு வீடு. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் இரைச்சல் வாசல் வரை கேட்கும். அந்த வீட்டுப் பாட்டி மூன்று மாதமாக வெளியே தலை காட்டவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் வலி உயிரை எடுத்தும் கிளினிக்குக்குப் போகவில்லை. மருமகள் காரணம் கேட்டால், "ஒண்ணுமில்லே" என்பதுதான் பதில்.

பாட்டி எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர். அந்த உரிமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மருமகள் அடுப்படிக்குப் போன சமயம், பாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வாத்தியாரு தம்பி, பஸ்ஸிலே என் பையை எவனோ அடிச்சிட்டான். சிவப்பு ஐ.சி. அதுக்குள்ளேதான் இருந்துச்சு. வெளியே சொன்னா என்னைக் கப்பலேத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு."

நான் சிரிக்கவில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. அதையொட்டி ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியா திரும்பினார்கள். சிறுமியாக 'ரஜூலா' கப்பலில் பினாங்கு வந்து இறங்கிய பாட்டி, தம் அண்டை வீட்டார் அதே கப்பலில் திரும்பிப் போனதையும் கண்ணால் பார்த்தவர்.

வாசகர்களே, ஒன்றை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நீலக் கார்டு குடிமக்களுக்கு, சிவப்புக் கார்டு நிரந்தரவாசிகளுக்கு, பச்சைக் கார்டு தற்காலிகவாசிகளுக்கு. இந்நாட்டில் அடையாளக் கார்டு முறை 1948இல், அவசரகாலத்தின்போது வந்தது. நம் விவரங்கள் தேசியப் பதிவிலாகாவின் பதிவேட்டில் இருக்கின்றன. நம் கையில் இருப்பது அதற்கான அத்தாட்சி. அத்தாட்சி தொலைந்ததால் நிரந்தரவாசி என்ற தகுதி தொலைந்துவிடாது. ஆனால், தொலைந்ததை உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மறைத்து வைப்பதுதான் ஆபத்து.

மறுவாரமே பாட்டியை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். திருட்டு என்பதால் முதலில் போலீஸ் நிலையத்தில் புகார். அதன் பிரதியுடன் பதிவிலாகாவுக்குப் போனோம். அங்கே முதல் கேள்வி, "கார்டு நம்பர் என்ன?" பாட்டிக்குத் தெரியவில்லை. வீட்டில் நகலும் இல்லை. திரும்பி வந்து பழைய தகரப் பெட்டியைக் கிளறினோம். சேமநிதிக் கடிதம் ஒன்றில் நம்பர் இருந்தது! மகனின் பிறப்புப் பத்திரத்திலும் தாயாரின் நம்பர் இருந்தது.

பெருவிரல் ரேகை எடுக்கும்போது இன்னொரு சிக்கல். முப்பது வருஷம் உளி பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருந்தது. துடைத்துத் துடைத்து நாலைந்து தடவை வைத்த பிறகே பதிந்தது. கவுண்ட்டரில் இருந்த மலாய்க்காரப் பெண், "தாக்கோட் வேண்டாம் நெனெக்" என்று பாட்டியின் கையைத் தட்டிக் கொடுத்தார். பாட்டி அழுதுவிட்டார். சில வாரங்களில் புதிய கார்டு கைக்கு வந்தது.

நாம் செய்ய வேண்டியவை சிலதான். வீட்டிலுள்ள எல்லாருடைய கார்டுகளையும் இருபுறமும் நகல் எடுத்துப் பெட்டியில் வையுங்கள். நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பையோடு திருட்டுப் போனால் போலீஸ் புகார் செய்யுங்கள். தொலைத்ததற்கான அபராதத்திலிருந்து விலக்குக் கேட்க அது உதவும். கவனக் குறைவால் தொலைத்தால் அபராதம் உண்டு. அடுத்தடுத்துத் தொலைத்தால் அது ஏறிக்கொண்டே போகும். பாஸ்போர்ட், நுழைவு பர்மிட் போன்ற பழைய தாள்கள் எது இருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள். படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் என்றால், பதிவிலாகாவின் 'மெக்கார்' குழு வீட்டுக்கே வரும், கேட்டுப் பாருங்கள். "நான் முடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்டு வரும் தரகனை மட்டும் வாசற்படி ஏற்றாதீர்கள்.

60 வயதைக் கடந்த சிவப்புக் கார்டு இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018இல் அரசாங்கம் அறிவித்தது. அன்று பாட்டிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆளில்லை. அந்தக் குறை பாட்டியுடையதன்று, படித்த நம்முடையது. இப்போது அவருடைய விண்ணப்பத்துக்கான தாள்களை நானும் அவர் மகனும் சேர்த்து வருகிறோம்.

உங்கள் லயத்தில், உங்கள் தாமானில், இப்படி வாய் திறக்காமல் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். இன்று சாயங்காலம் போய், "ஐ.சி. பத்திரமா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாட்டி இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறார். கார்டு முந்தானை முடிச்சில். நகல் தகரப் பெட்டியில்.