பெடலுக்கு ஒரு தோல் வார், பிள்ளைக்கு ஒரு பதில்

ரைன் கரையோரம் ரெமாகன் பக்கம் நீளமாக சைக்கிள் மிதிப்பவர்களின் பெடலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சிலர் ஷூவைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் வாரைக் கட்டியிருப்பார்கள். கால் வழுக்காமல் இருக்கும், மிதிக்கும் வேகமும் சீராக வரும். கடையிலும் கிடைக்கும், ஆனால் ஒரு சனிக்கிழமை மதியத்தில் வீட்டிலேயே செய்துவிடலாம். பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய அருமையான வேலை.

தோல் வாங்கும்போது

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும். ஜெர்மன் கடைகளில் 'ஃப்ளான்ஸ்லிஷ் கெகெர்ப்ட்' என்று கேளுங்கள். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் இழுத்தால் நீளும், வாருக்கு ஆகாது. கனம் 2.5 மி.மீ. போதும். மாட்டின் முதுகுப் பகுதித் தோலாகப் பாருங்கள், வயிற்றுப் பகுதி தளர்ந்துவிடும். ஒரே அடுக்குத் தோலில் செய்த பழைய பெல்ட் இருந்தால் செலவே இல்லை.

செய்முறை

முதலில் ஒரு காகிதப் பட்டையை பெடலின் இடுக்கு வழியாக விட்டு, ஷூ போட்ட காலோடு சுற்றி அளவெடுங்கள். என் பெடலுக்கு அகலம் 12 மி.மீ., நீளம் 40 செ.மீ. வந்தது. பக்கிள் மாட்ட மடிப்பதற்கு இன்னொரு 4 செ.மீ. விடுங்கள்.

இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கூரான கத்தியால் இரண்டு மூன்று இழுப்பில் வெட்டுங்கள். இது பெரியவர்கள் வேலை. ஓரத்தை லேசாக ஈரப்படுத்தி, ஒரு மரக்குச்சியால் தேய்த்தால் வழவழப்பாகிவிடும். இது பிள்ளைகள் வேலை, அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பழைய பெடல் வாரில் இருக்கும் பக்கிளைக் கழற்றி மாட்டுவது நல்லது. கட்டைவிரலால் தட்டினால் திறந்துகொள்ளும். பெல்ட் பக்கிள் அவசரத்துக்குத் திறக்காது. மடிப்பைத் தைக்க 4 மி.மீ. இடைவெளியில் துளை போட்டு, மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக விடுங்கள். ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும்.

மாட்டும்போது பெடலுக்கு அடியில் வாரை ஒரு முறுக்கு முறுக்குங்கள், நழுவாது. பெடலின் மஞ்சள் பிரதிபலிப்பான்கள் மறையக் கூடாது; அவை இருக்க வேண்டும் என்பது ஜெர்மன் சாலை விதி. சிக்னல் வரும் முன்பே வாரைத் தளர்த்தப் பழகுங்கள். சிறு பிள்ளைகளின் சைக்கிளுக்கு இது வேண்டாம். மிச்சத் தோலில் அவர்களுக்கு ஒரு சாவி வளையம் செய்து கொடுங்கள். மழையில் நனைந்தால் ஹீட்டர் மேல் போடாமல் நிழலில் உலர்த்தி, கொஞ்சம் தேன்மெழுகு தடவுங்கள்.

பாட்டி கேட்ட கேள்வி

இதைச் செய்துகொண்டிருந்தபோது ஆம்பூரிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தார். "ஏன்டா, இதெல்லாம் நாம செய்யற வேலையா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் ஒன்பது வயது மகள் போன் வைத்ததும் பிடித்துக்கொண்டாள்: "ஏம்ப்பா, பாட்டி ஏன் அப்படிச் சொன்னாங்க?"

'சும்மா சொன்னாங்க' என்று தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலால் வளர்ந்த ஊர்கள். அங்கே செய்யும் ஷூ ஜெர்மனிக்கும் வருகிறது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய தொழில்நுட்பம். பட்டையின் டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. பானுக்குக் கிழக்கே ஸீகர்லாந்து காடுகளில் இதே வேலைக்கு ஓக் மரப்பட்டையை உரித்தார்கள். பிறகு வேகமான குரோம் முறை வந்தது. பாலாறு கெட்டது, வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதே குரோமியத்தின் நச்சு வடிவத்துக்கு, தோலில் படும் பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று 2015ல் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்தது.

இந்தத் தொழிலின் கடினமான பகுதியைச் செய்தவர்களைத்தான் நம் சமூகம் தள்ளி வைத்தது. செருப்பைப் போட்டுக்கொண்டோம், தைத்தவரைத் திண்ணையில் ஏற்றவில்லை. அருந்ததியருக்குத் தமிழ்நாட்டில் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததே 2009ல்தான். மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அந்தக் காலத்துல தோல் வேலை செஞ்சவங்களை மத்தவங்க மதிக்கல. அது தப்பு. பாட்டிக்கு அந்தப் பழக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ என் மிருதங்கம்?"

அவளுக்கே விடை தெரிந்துவிட்டது. மிருதங்கம் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாமல் இல்லை. அதைச் செய்தவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020ல் ஒரு புத்தகமே எழுதினார். நம் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும் நாம், வாத்தியாரின் பெயரைச் சொல்லித் தருகிறோம். வாத்தியத்தைச் செய்தவர் பெயரைக் கேட்பதில்லை.

ஜாதியைப் பற்றி இங்கே பிறந்த பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று பல பெற்றோர் தயங்குகிறோம். பாடமாக எடுத்தால் அவர்கள் காதில் ஏறாது. கையில் ஒரு துண்டுத் தோலும் ஊசியும் இருக்கும்போது கேள்வி தானாக வரும். ஒரு சிறு மடிப்பைத் தைக்கவே விரல் வலித்தது என்று தெரிந்த பிள்ளை, அதை நாள் முழுக்கச் செய்தவரை இளக்காரமாகப் பார்க்காது.